கலர் யார் போட்டது?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் எங்கள் ஊர். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றில் முப்பது வருஷம் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் தொங்கும் காலண்டர் முருகனைப் பார்த்த மாத்திரத்தில், எந்த பிளேட் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஒரு தை மாதத்து இரவில் என் மொட்டை மாடிக்கு அவரை அழைத்து, தொலைநோக்கி வழியே ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சாம்பிராணிப் புகை மாதிரி என்னமோ தெரியுது" என்றார். மறுநாள் அதே தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி எடுத்த படத்தைக் காட்டினேன். ரோஜா நிறத்தில் இரண்டு இறக்கைகள், நடுவில் வெள்ளையும் இளம்பச்சையும் கலந்த வெளிச்சம், மேலே ஒரு நீலத் தீற்றல். அண்ணாச்சி படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குக் கலர் யாரு போட்டது? நீங்களா, இல்ல அங்கயே இருக்கா?"

வாட்ஸ்அப்பில் வரும் விண்வெளிப் படங்களைப் பார்த்து நம்மில் பலர் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. கண்ணுக்குச் சாம்பல், கேமராவுக்கு வண்ணம். இரண்டில் ஒன்று பொய் சொல்லுகிறது. எது?

பொங்கி வழிந்த உப்புத் தண்ணீர்

வானத்துக்குப் போவதற்கு முன் அடுக்களைக்குப் போவோம். குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் உப்பில் உள்ள சோடியத்தினுடையது. சோடியம் அணு சூடேறும்போது அதன் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. இறங்கும்போது, ஏறிய உயரத்துக்குச் சரியான அளவில் ஒளியை உமிழ்கிறது. அந்த உயரம் சோடியத்துக்கு மாறாதது. ஆகவே சிவகாசி உப்பானாலும் சைபீரிய உப்பானாலும் அதே மஞ்சள்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். ஃபேன்சி ரக வெடிகளுக்குள் போகும் மணி மருந்தில் எந்த உப்பைச் சேர்க்கிறோமோ அந்த நிறம் வானத்தில் விரியும். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும், பேரியம் பச்சை, செம்பு நீலம். இவற்றில் நீலம்தான் படுத்தும். அதைத் தரும் செம்பு குளோரைடு மூலக்கூறு சூடு கொஞ்சம் கூடினாலும் உடைந்துபோகும். சூடு குறைந்தால் ஒளியே இருக்காது. நல்ல நீலம் விழுகிற வெடியைப் பார்த்தால், அதைச் செய்த கைக்கு மனசுக்குள் ஒரு சலாம் வைக்கலாம். பச்சையின் கதை வேறு. பேரிய உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. 'பசுமைப் பட்டாசு' வந்தது, பழைய பச்சை போய்விட்டது.

ஆக, நிறம் என்பது ஒரு பொருளின் கையெழுத்து. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தக் கையெழுத்து போதும். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் குறுக்கே கடந்தபோது, குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வான்நோக்ககத்தின் போக்சனும் கருவிகளோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பில் எழுந்த சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு இருந்தது. கூடவே, சோடியத்தோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடும் இருந்தது. பிற்பாடு அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் பிடிபடுவதற்கு முன்பே சூரியனில் பிடிபட்ட தனிமம் அது.

அந்தச் சிவப்புக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி பார்த்த ரோஜா நிறத்தில் பெரும்பங்கு அதனுடையது.

எரியாத தீ

நெபுலா என்றால் விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த பெருந்திரள். இனி அதை ஒளிமுகில் என்றும் சொல்லுவோம். ஓரியன் ஒளிமுகில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நம் மாடியில் விழும் ஒளி, பல்லவர்கள் காஞ்சியில் ஆண்ட காலத்தில் கிளம்பியது. திரளின் அகலம் இருபது ஒளியாண்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன்.

அங்கே எதுவும் எரியவில்லை. நடுவில் நாற்கரமாக நிற்கும் நான்கு இளம் விண்மீன்களில் ஒன்று, சூரியனின் மேற்பரப்பைப் போல ஏழு மடங்கு வெப்பம் கொண்டது. அதிலிருந்து கொட்டும் புற ஊதா ஒளி, ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானை அடித்துப் பிரித்துவிடுகிறது. பிரிந்தது எங்கேயாவது இன்னொரு அணுக்கருவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது, ஒரு குறிப்பிட்ட படியில் அந்தச் சிவப்பை உமிழ்கிறது. இதற்குப் பட்டாசைவிட டியூப்லைட்தான் நெருங்கிய உறவு. அதற்குள்ளும் புற ஊதா ஒளிதான் வெள்ளைப் பூச்சை ஒளிர வைக்கிறது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இதே ஹைட்ரஜன் சிவப்பில் சூரியனை நூறாண்டுக்கு மேலாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சூரியன், நமக்கு ஓரியன். நிறம் ஒன்றுதான்.

பூமியில் கொளுத்த முடியாத பச்சை

நடுப்பகுதியின் இளம்பச்சைக்கு வருவோம். 1864-இல் வில்லியம் ஹகின்ஸ் ஓர் ஒளிமுகிலின் ஒளியைப் பிரித்தபோது, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒட்டாத பச்சைக் கோடுகள் தென்பட்டன. ஹீலியத்தைப் போல இதுவும் ஒரு புதுத் தனிமம் என்று எண்ணி 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் புதிர் நீடித்தது. 1927-இல் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்.

பிறகு ஏன் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பச்சை வரவில்லை? அந்தப் படியிலிருந்து இறங்க ஆக்சிஜன் அணுவுக்கு முக்கால் நிமிடம் போல ஆகும். அதுவரை யாரும் அதை இடிக்கக் கூடாது. நம் காற்றில் ஓர் அணு ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை இடிபடுகிறது. ஒளியை உமிழ அவகாசமே இல்லை. ஓரியன் ஒளிமுகிலிலோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் அணுக்கள்தான். ஆய்வுக்கூடத்தில் நாம் வெற்றிடம் என்று சொல்லும் பல குடுவைகளைவிட வெறுமையான இடம் அது. மணி மருந்தில் நெருக்கடியால் நிறம் வருகிறது. ஒளிமுகிலில் தனிமையால் வருகிறது. எந்த ஃபோர்மேன் வந்தாலும் இந்தப் பச்சையைச் சிவகாசியில் செய்ய முடியாது.

கண் செய்யும் சிக்கனம்

நிறம் அங்கேயே இருக்கிறது என்றால் அண்ணாச்சிக்கு ஏன் சாம்பிராணிப் புகை தெரிந்தது?

நம் விழித்திரையில் இருவகை செல்கள். கூம்பு செல்கள் நிறம் பார்க்கும், ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். குச்சி செல்கள் மங்கலிலும் வேலை செய்யும், ஆனால் நிறம் தெரியாது. ஒளிமுகிலின் மங்கலில் கூம்புகள் கடையைச் சாத்திவிடும். குச்சிகளுக்கோ ஹைட்ரஜனின் ஆழ்ந்த சிவப்பு கிட்டத்தட்ட உணர்வாகவே ஆவதில்லை. ஆக்சிஜனின் பச்சைக்கு அவை நன்றாகவே தூண்டப்படுகின்றன, ஆனால் அதையும் சாம்பலாகத்தான் சொல்லும். மேலும் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. பத்தில் ஒரு பங்கு நொடி போலச் சேர்த்துவிட்டுக் கணக்கை முடித்துப் புதுக்கணக்கு போட்டுவிடும். ஓடும் பாம்பைப் பார்க்க இந்த வேகம் தேவை. நெபுலா ஓடுவதில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது.

கேமராவால் சேமிக்க முடியும். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர், இதே ஓரியன் ஒளிமுகிலை 51 நிமிடம் தொடர்ந்து தட்டில் வாங்கி உலகின் முதல் நெபுலாப் படத்தை எடுத்தார். மூன்றே ஆண்டில் இங்கிலாந்தில் ஏ.ஏ. காமன் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன.

ஒன்பதரை டிகிரி

இனி என் மாடி. என்னிடம் இருந்தது 80 மில்லிமீட்டர் அகல லென்சும் 400 மில்லிமீட்டர் குவிய தூரமும் கொண்ட சிறு தொலைநோக்கி, ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, இரண்டையும் தாங்கி வானத்தோடு திருப்பும் ஒரு மவுண்ட். திருமண வீடுகளில் ஓய்வு பெற்ற கேமரா போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மவுண்ட் எதற்கு? பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்கின்றன. இந்தத் தொலைநோக்கியில் ஒரு நொடிக்குள் விண்மீன் கேமராவின் ஏழு புள்ளிகளைத் தாண்டிவிடும். அரை நொடிக்கு மேல் திறந்து வைத்தால் விண்மீன் கோடாகும். மவுண்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, நாளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திருப்பினால் இந்த நகர்வு ரத்தாகிறது.

இணையாக நிறுத்துவதில்தான் என் முதல் இரவு பாழானது. துருவ விண்மீனைப் பார்த்து அச்சை வைக்க வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ விண்மீன் தெரியும். விருதுநகரில் அது ஒன்பதரை டிகிரி. கையை நீட்டி ஒரு முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதன் உச்சிதான். அங்கே என்னென்ன இருக்கும்? எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க், வேப்பமரம், நெடுஞ்சாலைத் தூசு. மங்கலாகத் தெரிந்த ஏதோ ஒன்றைத் துருவ விண்மீன் என்று நம்பி விடிய விடிய எடுத்தேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு விண்மீனும் சீரகம் மாதிரி நீண்டிருந்தது. சில மவுண்டுகள் இவ்வளவு தாழச் சாயவும் மாட்டா. முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைக்க வேண்டியிருக்கும். பிறகு, துருவ விண்மீனைத் தேடாமல், விண்மீன் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறைக்கு மாறினேன். அரை மணி நேரம் பிடிக்கும். கொசுவத்தியும் வேண்டும்.

ஆனால் அதே அட்சரேகை மறுபக்கம் அள்ளிக் கொடுக்கிறது. ஓரியன் ஒளிமுகில் வான நடுக்கோட்டுக்கு ஐந்தரை டிகிரி போலத் தெற்கே இருக்கிறது. லண்டனில் அது 33 டிகிரிக்கு மேல் ஏறாது. நம் ஊரில் 75 டிகிரி, ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல். லண்டன்காரர் நம்மைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனமான காற்றுக்கு ஊடே பார்க்கிறார். வானியலாளர் வைணு பாப்பு வான்நோக்ககத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்த காரணங்களில், தென்வானமும் கைக்கு எட்டும் என்பதும் ஒன்று.

இன்னொரு வசதியும் இந்தக் கந்தக பூமிக்கு உண்டு. பட்டாசு ஆலைகளில் மருந்து புழங்கும் அறைகளில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. அறைக்கு அறை இடைவெளி விட்ட அந்தப் பரந்த கரிசல் காடுகள் ராத்திரியில் இருண்டு கிடக்கும். அதற்காக ஆலை வேலியோரம் போய் முக்காலி நாட்டிவிடாதீர்கள். இருட்டில் குழாயோடும் பேட்டரியோடும் நிற்பவனைப் பார்த்துக் காவலாளி என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆடும் தராசு

நான் எடுத்தது முப்பது நொடிப் படங்கள் 120. மொத்தம் ஒரு மணி நேரம். டிரேப்பரின் 51 நிமிடத்துக்குப் பக்கம்தான், ஆனால் அவருடையது ஒரே படம். ஏன் துண்டு துண்டாக எடுக்க வேண்டும்? முப்பது நொடிக்கு மேல் போனால் என் மவுண்ட் லேசாகத் தடுமாறும். ஒரு படம் கெட்டால் அதை மட்டும் தூக்கி எறியலாம். நடுவில் ஒரு விமானம் போனது. நாலு படம் போச்சு, அவ்வளவுதான்.

தனியாக ஒரு படத்தைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒளிமுகில் தெரியும், ஆனால் மேலே ரவையைத் தூவியது போல் நிறப்புள்ளிகள். இதற்கு இரைச்சல் என்று பெயர். ஒளி சீராக வழியும் தண்ணீர் அல்ல, தூற்றல் மழை. ஒரு புள்ளியில் இந்த முப்பது நொடியில் பத்துத் துளி விழும், அடுத்த முப்பது நொடியில் பதிமூன்று விழும்.

விருதுநகர் கமிஷன் கடையில் ஒரு தராசு இருக்கிறது என்று வையுங்கள். முள் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. ஒரு மல்லி மூட்டையை ஒருமுறை நிறுத்தால் நம்ப முடியாது. அதே மூட்டையை நூறு முறை நிறுத்துச் சராசரி எடுத்தால்? ஆட்டம் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். மூட்டையின் எடை மட்டும் மிஞ்சும். ஆனால் பிழை நூறில் ஒன்றாகக் குறையாது, பத்தில் ஒன்றாகத்தான் குறையும். நாலு முறை நிறுத்தால் பாதி, நூறு முறைக்குப் பத்தில் ஒன்று. மிஞ்சிய என் படங்களுக்கு இரைச்சல் பதினொன்றில் ஒரு பங்கானது. இன்னும் பாதியாக்க வேண்டுமானால் நாலு மடங்கு நேரம் விழிக்க வேண்டும். நான் தூங்கப் போய்விட்டேன்.

தராசே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நூறு முறை நிறுத்தும் பயனில்லை. அதற்கு இரண்டு வைத்தியம். லென்சை மூடிவிட்டு அதே முப்பது நொடியில் சில படங்கள் எடுத்தால், வெளிச்சமே இல்லாமல் கேமரா சூட்டினால் தானாக உளறுவது என்ன என்று தெரிந்துவிடும், அதைக் கழிக்கலாம். இந்த உளறல் ஒவ்வொரு 6 டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். அடுத்து, தொலைநோக்கியின் வாயில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, விடியற்கால வானத்தை எடுத்தால், லென்சின் தூசும் ஓர இருட்டும் எங்கே என்று வரைபடம் கிடைக்கும். வேட்டியில் கரை குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளவும்.

ரிஜிஸ்டர்

மிஞ்சிய படங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஓரிரு புள்ளி தள்ளியிருக்கும். கணினி, விண்மீன்களை அடையாளமாக வைத்து நகர்த்திப் பொருத்தும். சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்று இலவச மென்பொருள்களே இதைச் செய்கின்றன.

இந்த இடத்தில் அண்ணாச்சிக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ரிஜிஸ்டர் பாக்குறீக" என்றார். தீப்பெட்டி லேபிளுக்காக வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழிலின் உயிர் அதில்தான் இருக்கிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட்டும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்; தாளின் ஓரக் குறிகளை வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு ஓரக் குறி விண்மீன்.

கேமராவுக்குள்ளும் ஓர் அச்சகம் இருக்கிறது. உணர்தகட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கும். நாலில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் காலண்டர் முருகன் புள்ளிகளாக உடைவார் அல்லவா, அதன் தலைகீழ். ஆகவே ஹைட்ரஜனின் சிவப்பைப் பிடிக்கக் காலே கால் பங்கு புள்ளிகள்தான் உண்டு. போதாக்குறைக்கு, மனிதத் தோல் இயல்பாகத் தெரிவதற்காகச் சாதாரண கேமராக்களில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அது இந்தச் சிவப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தடுத்துவிடும். கல்யாணப்பெண்ணுக்கு நல்லது, நெபுலாவுக்கு நஷ்டம். மிஞ்சிய சிவப்போடு ஹைட்ரஜனின் இன்னொரு நீலக் கோடும் கலந்துதான் என் படத்தில் ரோஜா நிறமானது. மேலே தெரிந்த நீலத் தீற்றல் வாயுவின் சொந்த ஒளி அல்ல. விண்மீன் ஒளி தூசில் பட்டுச் சிதறியது. பகல் வானத்தின் நீலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

எது நிஜம், எது கைவேலை

இப்போது அண்ணாச்சிக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் எதையும் நான் போடவில்லை. அவை அங்கேயே இருக்கின்றன. கண்ணால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு அழுத்தம் என்பது என் கைவேலை. அடுக்கி முடித்த படம் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் இருக்கும். மங்கலான பகுதிகளைத் தூக்கி, பிரகாசமானதை அடக்கினால்தான் இறக்கைகள் வெளியே வரும். நடுவில் உள்ள நான்கு விண்மீன்கள் முப்பது நொடியில் வெந்துபோய் வெறும் வெள்ளையாகிவிட்டன. இரண்டு நொடியில் தனியாக எடுத்த படங்களை அந்த இடத்தில் மட்டும் கலந்தேன். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கருநீலமும் தங்கமுமாக மின்னும் சில படங்களில் நிறங்கள் வேண்டுமென்றே மாற்றி ஒதுக்கப்பட்டவை. எந்தத் தனிமத்துக்கு எந்த நிறம் என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அது அறிவியல், எழுதாவிட்டால் வெறும் அலங்காரம் என்பது என் கட்சி.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அச்சடித்து வந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அது சரி. ஆனா மெஜந்தா கொஞ்சம் தூக்கலா விட்டுட்டீக."

திறந்து பார்த்தேன். விட்டிருந்தேன்.

நீங்கள் முயன்று பார்ப்பதானால் தீபாவளியை ஒட்டி வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மேகமும் வெடிப்புகையும் விடாது. மார்கழித் திருவாதிரையும் வேண்டாம். ஆதிரை என்பது ஓரியனின் தோளில் உள்ள சிவந்த விண்மீன்தான் என்றாலும், அந்தத் திருநாள் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் கழுவிவிடும். தை அமாவாசை சரியான நாள். இரவு ஒன்பது மணியை ஒட்டி மாடிக்கு வந்து உச்சிக்குச் சற்றுத் தெற்கே பாருங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்குத் தெற்கே தொங்கும் சிறு கோட்டில் நடுவில் இருப்பது மட்டும் புள்ளியாக இல்லாமல் பூசினாற்போல் இருக்கும். தெருவிளக்கு கண்ணில் படாத மூலையாகப் பார்த்து இருபது நிமிடம் இருட்டில் உட்கார்ந்த பிறகு பாருங்கள், செல்போனைப் பையிலேயே வைத்துவிட்டு.